கல்பாத்தி தந்த விஞ்ஞானி டாக்டர் கே.ஆர். ராமநாதன்

நான் பாங்கியில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது பெண்ணும் மாப்பிள்ளையும் இருக்கும் வித்துராவில் வாசம். திருவனந்தபுரம் நகரத்திலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி, பொன்முடி மலையடிவாரத்தில் இருக்கிற ஊர் இது. 2008-ல் ஆரம்பிக்கப்பட்ட ஐசர் என்னும் மத்திய அரசின் விஞ்ஞான உயர்கல்வி நிறுவனம் இங்கேதான் வளாகம் அமைத்திருக்கிறது. மாப்பிள்ளைக்கு அங்கே உத்தியோகம் கிடைத்தபோது குடும்பத்தில் ஒரே விவாதம். பூனாவில் நன்றாகத்தானே இருந்தார்கள், காட்டு ஓரத்துக்குப் போய் என்ன செய்யப் போகிறார்கள், குழந்தைகள் படிப்பு என்ன ஆகும் என்று ஆளுக்கொரு அபிப்பிராயம். அப்போதுதான் நம்மவர் ஒருவரின் நினைவு வந்தது. அவர் இதே திருவனந்தபுரத்திற்கு 1914-ல் மூட்டை கட்டிக்கொண்டு வந்தவர். பிறகு இதைவிட எவ்வளவோ தூரமான ஊர்களுக்கெல்லாம் போனவர். அவரைப் பற்றி நம் இளைய தலைமுறைக்கு அதிகம் தெரிந்திருக்காது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

கல்பாத்தி ராமகிருஷ்ண ராமநாதன் அவர்கள் 1893-ம் வருஷம் பிப்ரவரி 28-ந்தேதி பாலக்காடு கல்பாத்தி அக்ரஹாரத்தில் பிறந்தார். இந்தத் தேதியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும். தகப்பனார் சம்ஸ்கிருத பண்டிதர். பாலக்காடு விக்டோரியா கல்லூரியில் படித்து, பின்பு சென்னை பிரஸிடென்ஸி கல்லூரியில் பெளதிகம் படித்தார். 1914-ல் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் டெமான்ஸ்டிரேட்டர் வேலை கிடைத்தது. அந்தக் கல்லூரிதான் இன்றைய யூனிவர்சிடி காலேஜ். அப்போது திருவிதாங்கூருக்குத் தனி சர்வகலாசாலை கிடையாது, அது 1937-ல்தான் வந்தது. கல்லூரி மெட்ராஸ் யூனிவர்சிடியுடன் இணைந்திருந்தது.

அந்த நாளில் பாலக்காட்டிலிருந்து திருவனந்தபுரம் வருவது சாமான்யமான காரியம் இல்லை. திருவனந்தபுரத்துக்கு ரயிலே கிடையாது. கொல்லத்திலிருந்து தண்டவாளம் நீண்டு இந்த ஊரைத் தொட்டது 1918-ல். அதுவரை எர்ணாகுளம் வரை ரயிலில் வந்து, பிறகு காயலிலும் கால்வாயிலும் வள்ளத்தில் ராத்திரியும் பகலுமாகப் பயணம் செய்து வந்தவர்கள் எத்தனையோ பேர். ஆனால் வந்து சேர்ந்துவிட்டால் நம்மவர்களுக்குக் குறை இல்லை. கரமனையிலும் வலியசாலையிலும் கோட்டைக்குள்ளும் நம் தெருக்கள் இருந்தன, இன்றும் இருக்கின்றன.

டெமான்ஸ்டிரேட்டர் என்பது கல்லூரி ஏணியில் அடிப்படி. மாணவர்களுக்கு லாபரட்டரியில் கருவிகளை எடுத்து வைத்து, சோதனையைச் செய்து காட்டி, கணக்கைத் திருத்த வேண்டும். இதிலே ஏழு வருஷம் இருந்தார் ராமநாதன். வேறு யாராவது இருந்தால் டியூஷன் எடுத்துக் காசு பார்த்திருப்பார்கள், இல்லாவிட்டால் சட்டம் படித்து வக்கீலாகப் போயிருப்பார்கள். இவர் என்ன செய்தார் என்றால் ஆகாயத்தைப் பார்த்தார்.

அதற்குக் காரணம் உண்டு. திருவனந்தபுரத்தில் ஸ்வாதித் திருநாள் மகாராஜா 1830-களில் கட்டுவித்த வானாய்வுக்கூடம் இருந்தது. ஜான் கால்டிகாட் முதல் டைரக்டர். அவருக்குப் பின் வந்த ஜான் ஆலன் பிரவுன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் வருஷக்கணக்காக உட்கார்ந்து காந்த ஊசியின் அசைவையும், காற்றழுத்தத்தையும் பதிவு செய்தவர். இதோ வித்துராவுக்குப் பக்கத்தில், போனக்காடு வழியாக ஏறுகிறோமே அகஸ்தியர்கூடம், அதன் உச்சிப் பிரதேசத்திலேயே 1850-களில் ஓர் ஆய்வுக்கூடம் வைத்து ஆட்களைக் கொண்டு அளவெடுத்த மனிதர் அவர். அந்தக் காட்டையும் குளிரையும் அட்டைக் கடியையும் நினைத்தால் நமக்கு மலைப்பாக இருக்கிறது. இப்படிப் பதிவு எடுக்கும் பழக்கம் ஊறிய ஊருக்குத்தான் கல்பாத்திப் பையன் வந்து சேர்ந்தார்.

இந்தப் பக்கத்து இடியை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். சித்திரை, வைகாசியிலும் பிறகு துலா மாசத்திலும் மத்தியானம் வரை வெயில் கொளுத்தும். மூன்று மணிக்கு மலைப்பக்கம் கறுக்கும். நாலு மணிக்கு வீட்டுக் கண்ணாடி அதிரும். காபி சாப்பிட்டு முடிக்கும்போது மழை நின்றிருக்கும். எல்லோரும் ஜன்னலைச் சாத்துவார்கள். ராமநாதன் அதைக் கணக்கெடுத்தார். திருவனந்தபுரத்து இடிமழையைப் பற்றி அவர் எழுதிய ஆராய்ச்சிதான் வானிலை விஷயத்தில் அவருடைய ஆரம்பப் பாடம். யாரும் சொல்லி அவர் இதைச் செய்யவில்லை. உத்தியோகத்துக்கும் இதற்கும் சம்பந்தமும் இல்லை.

1921-ல் அவருக்கு வயது 28. மெட்ராஸ் யூனிவர்சிடியின் உபகாரச் சம்பளத்தில் கல்கத்தாவுக்கு, ஸர் சி.வி. ராமனிடம் ஆராய்ச்சி செய்யப் போனார். (அப்போது ராமனுக்கு ஸர் பட்டம் வரவில்லை, பழக்கத்தில் எழுதிவிட்டேன்.) ராமன் அவர்கள் 1917-ல் நிதித்துறையின் பெரிய உத்தியோகத்தை உதறிவிட்டுக் கல்கத்தா யூனிவர்சிடியில் பாலித் பேராசிரியராகச் சேர்ந்தவர். அவரும் ஒரு ஊரில் வசதியாக உட்கார்ந்திருக்கலாம் என்று நினைக்காத மனிதர்தான். 1921-ல் சீமைக்குப் போய்விட்டுக் கப்பலில் திரும்பி வந்தபோது, கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்ற கேள்வியைக் கையோடு கொண்டு வந்திருந்தார். ஆகாயத்தின் நிறத்தைக் கடல் பிரதிபலிக்கிறது என்பது அதுவரை சொல்லப்பட்ட பதில். அது போதாது, தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்பது ராமனின் கட்சி. பெளபஜார் தெருவில் இருந்த இந்தியன் அசோஸியேஷன் லாபரட்டரியில் இந்த வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்த சமயத்தில் ராமநாதன் போய்ச் சேர்ந்தார். திரவங்களில் எக்ஸ்-ரே எப்படிச் சிதறுகிறது என்று குருவும் சிஷ்யரும் சேர்ந்து எழுதியது 1923-ல் வெளிவந்தது. கடலின் நிறத்தைப் பற்றி ராமநாதன் தனியாகவும் எழுதினார்.

இதற்கிடையில் வயிற்றுப்பாடு என்று ஒன்று இருக்கிறதே. 1922 கடைசியில் ரங்கூன் யூனிவர்சிடியில் பெளதிக ஆசிரியர் வேலை கிடைத்தது. அந்த சர்வகலாசாலை 1920-ல் தொடங்கியது, மை காயாத புதுசு. பர்மா 1937 வரை பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம்தான். அதனால் சட்டப்படி அது வெளிநாடு இல்லை. ஆனால் நம் வீடுகளில் சட்டத்தையா பார்த்தார்கள்? நடுவில் இருப்பது கடல். கடல் தாண்டினால் ஆசாரம் போச்சு என்று சொன்னவர்கள் நிறைந்த காலம் அது. ராமானுஜன் 1914-ல் சீமைக்குக் கப்பலேறியபோது எழுந்த பேச்சு அடங்கி எத்தனை வருஷம் ஆகியிருக்கும்? இருந்தாலும் ரங்கூனில் பாதிக்கு மேல் இந்தியர்கள்தான். செட்டியார்களின் வட்டிக்கடையும், துறைமுகத்துக் கூலியாட்களும், குமாஸ்தாக்களும், கோயிலும், தமிழ்ப் பேச்சும் உண்டு. கல்பாத்தித் தேர் மட்டும் கிடையாது.

இங்கேதான் அவருடைய வாழ்க்கையில் என்னை மிகவும் நெகிழ வைத்த விஷயம் இருக்கிறது. ரங்கூனில் பாடம் நடத்துவார். லீவு விட்டதும் கப்பலேறிக் கல்கத்தாவுக்கு வந்து ராமனின் லாபரட்டரியில் நிற்பார். நாம் லீவு கிடைத்தால் ஊருக்குப் போவோம், கல்யாணம், ஆவணி அவிட்டம் என்று பார்ப்போம். அவர் வங்காள விரிகுடாவைத் தாண்டி வந்தது இன்னொரு இருட்டறையில் உட்காருவதற்காக.

1923 கோடையில் அப்படி வந்திருந்தபோது ஒரு சோதனை செய்தார். சூரிய ஒளியைப் பெரிய லென்ஸால் குவித்து, ஊதா நிறம் மட்டும் போகும்படி ஒரு கண்ணாடி வடிகட்டியை வைத்து, சுத்தமான தண்ணீருக்குள் செலுத்தினார். பக்கவாட்டில் பார்க்கும் கண்ணுக்கு முன்னால் பச்சை நிற வடிகட்டி. கணக்குப்படி, ஊதா ஒளியைப் பச்சைக் கண்ணாடி தடுத்துவிட வேண்டும், ஒன்றுமே தெரியக் கூடாது. ஆனால் மங்கலாக ஒரு கோடு தெரிந்தது. தண்ணீரில் ஏதோ அழுக்கு இருக்கிறது, அது ஒளிர்கிறது என்று நினைத்தார்கள். தண்ணீரை மறுபடி மறுபடி காய்ச்சி வடித்துச் சுத்தம் செய்து பார்த்தார். கோடு மறையவில்லை. ஆல்கஹாலிலும் அதேபோலத் தெரிந்தது. பலவீனமான ஒளிர்வு என்று பெயர் வைத்து எழுதிவிட்டு, லீவு முடிந்து ரங்கூனுக்குக் கப்பலேறினார்.

அன்பர்களுக்குப் புரிந்திருக்கும். அந்த மங்கலான கோடுதான் பின்னால் ராமன் விளைவு என்று உலகம் கொண்டாடியது. அழுக்கு எதுவும் இல்லை; ஒளியே மூலக்கூறுகளில் பட்டு நிறம் மாறி வருகிறது. வத்திராயிருப்பு கே.எஸ். கிருஷ்ணன் அவர்களும் ராமன் அவர்களும் விடாமல் பின்தொடர்ந்து, அது என்ன என்று நிரூபித்த நாள் 1928 பிப்ரவரி 28. அன்றைக்கு ராமநாதனுக்கு 35 வயது நிறைகிறது. 1987 முதல் தேசம் பூராவும் அந்தத் தேதியைத் தேசிய அறிவியல் தினமாகக் கொண்டாடுகிறோம், ஆனால் அது அந்தக் கோட்டை முதலில் கண்டவரின் பிறந்த நாளும்கூட என்று எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்கிறார்கள்? ராமன் அவர்கள் மட்டும் மறக்கவில்லை. 1930-ல் ஸ்டாக்ஹோமில் நோபல் உரை ஆற்றியபோது ராமநாதனின் 1923 சோதனையைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கிறார்.

1928-ல் ராமநாதன் கல்கத்தாவிலும் இல்லை, ரங்கூனிலும் இல்லை. 1925-லேயே இந்திய வானிலை இலாகாவில் சேர்ந்துவிட்டார். நிரந்தரமான சர்க்கார் உத்தியோகம். என் மாப்பிள்ளையிடம் இதைச் சொன்னபோது, ஒளியை விட்டுவிட்டுப் போனது பெரிய நஷ்டம் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. லீவு நாளில் மட்டும் கடல் கடந்து வந்து செய்கிற ஆராய்ச்சியை ஒரு மனிதர் எத்தனை வருஷம் இழுக்க முடியும்? மேலும், திருவனந்தபுரத்தில் யாரும் கேட்காமல் இடியைக் கணக்கெடுத்தவருக்கு வானிலை இலாகா அந்நிய வேலையா? முதலில் ஆசைப்பட்ட இடத்துக்குத் திரும்பிப் போனார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அங்கே அவர் சும்மா இருக்கவும் இல்லை. ஆக்ராவிலிருந்து கருவிகளோடு பலூன்களை மேலே அனுப்பி அளவெடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த அளவுகளையும் மற்ற தேசங்களின் அளவுகளையும் சேர்த்துவைத்து, 1929-ல் நேச்சர் பத்திரிகையில் ஒரு படம் போட்டார். பூமத்திய ரேகைக்கு மேலே, சுமார் 17 கிலோமீட்டர் உயரத்தில், மைனஸ் 80 டிகிரிக்கும் கீழே குளிர்ந்த காற்று ஒரு வளையம்போலப் பூமியைச் சுற்றியிருக்கிறது. துருவத்துக்கு மேலே அந்த உயரத்தில் இவ்வளவு குளிர் கிடையாது. உஷ்ண தேசத்துத் தலைக்கு மேலேதான் குளிர் அதிகம் என்பது அப்போது வானிலை நிபுணர்களுக்கே ஆச்சரியம். பருவமழைக் காலத்துக் காற்றழுத்தத் தாழ்வுகளைப் பற்றியும், 1935 குவெட்டா பூகம்பத்தைப் பற்றியும் அவர் செய்த வேலைகளைச் சொல்லப் புகுந்தால் இடம் போதாது.

1948-ல் 55 வயதில் ரிடையர் ஆனார். அந்த வயதில் நம்மில் பலர் பென்ஷன் பேப்பரையும் ராமாயணத்தையும் எடுத்துக்கொண்டு மாம்பலத்திலோ பாலக்காட்டிலோ வீடு பார்ப்போம். ராமநாதன் ஆமதாபாத்துக்குக் குடிபெயர்ந்தார். விக்ரம் சாராபாய் என்ற 28 வயது இளைஞர் 1947 நவம்பரில் அங்கே ஆரம்பித்திருந்த பிஸிகல் ரிஸர்ச் லாபரட்டரிக்கு முதல் டைரக்டர். எம்.ஜி. சயன்ஸ் இன்ஸ்டிட்யூட்டில் சில அறைகள்தான் அப்போதைய லாபரட்டரி. பாஷை புதிது, ஊர் புதிது, சகா தன் வயதில் பாதி. சாராபாய் காஸ்மிக் கதிர்களைப் பார்த்துக்கொண்டார், ராமநாதன் மேல் வளிமண்டலத்தையும் ஓசோனையும் பார்த்துக்கொண்டார். 1952-ல் சொந்தக் கட்டிடத்துக்கு அஸ்திவாரக் கல் நாட்ட வந்தவர் யார் தெரியுமா? ஸர் சி.வி. ராமன். 1954-ல் நேரு திறந்து வைத்தார். 1966 வரை டைரக்டராக இருந்தார் ராமநாதன். அதே காலத்தில் 1954 முதல் 1957 வரை சர்வதேச புவிப்பெளதிக யூனியனின் தலைவர். 1961-ல் உலக வானிலை நிறுவனத்தின் மிக உயர்ந்த பரிசு, 1965-ல் பத்மபூஷண், 1976-ல் பத்மவிபூஷண்.

1963 நவம்பர் 21-ந்தேதி தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் மேலே போனதே, அந்தத் தும்பா திருவனந்தபுரத்துக் கடற்கரை. பூமியின் காந்த நடுக்கோடு பக்கத்தில் போவதால் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார் சாராபாய். அந்த வேலைக்கு ஆமதாபாத் லாபரட்டரியிலிருந்து ஆட்கள் வந்து இறங்கினார்கள். ராமநாதன் டெமான்ஸ்டிரேட்டர் உத்தியோகத்தை விட்டுக் கிளம்பி அப்போது 42 வருஷம் ஆகியிருந்தது.

டைரக்டர் பதவியை விட்ட பிறகும் ஆமதாபாத்தை விட்டுப் போகவில்லை, ஆராய்ச்சியையும் விடவில்லை. வெப்ப மண்டலத்து ஓசோன் சுமார் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது என்று அவர் காட்டியது எழுபது வயதில். சூரியன் உதிக்கும்போதும் அஸ்தமிக்கும்போதும் உச்சி வானத்து ஒளியை டாப்ஸன் என்பவரின் கருவியால் அளந்து, எந்த உயரத்தில் எவ்வளவு ஓசோன் இருக்கிறது என்று கணக்கிடும் முறையை அவரும் அவருடைய மாணவர்களும் சீராக்கினார்கள். அதை உலகம் முழுதும் பயன்படுத்தினார்கள். 1984 டிசம்பர் 31-ந்தேதி, 91 வயதில் ஆமதாபாத்தில் காலமானார். அடுத்த மே மாதம், அன்டார்டிகாவுக்கு மேலே ஓசோன் படலம் ஓட்டையாகிக்கொண்டிருக்கிறது என்று பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் நேச்சர் பத்திரிகையில் எழுதினார்கள். அவர்கள் அளவெடுத்ததும் டாப்ஸன் கருவியை வைத்துத்தான்.