பால் கணக்கு எழுதப் படிச்சா போதும்னாங்க... டாக்டராகிக் காட்டினார் நம்ம புதுக்கோட்டை முத்துலட்சுமி!

அரிமளத்துல உங்க அக்காவோ அண்ணியோ பிரசவத்துக்கு வந்திருந்தா, முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துப் பணம் வந்துடுச்சானு யாராவது கட்டாயம் கேட்பாங்க. கர்ப்பிணிகளுக்குத் தமிழக அரசு தரும் அந்த மகப்பேறு உதவி யாருடைய பெயர்ல இருக்கு தெரியுமா? அரிமளத்துல இருந்து நீங்க பஸ் ஏறிப்போகும் அதே புதுக்கோட்டையில பிறந்து வளர்ந்த ஒரு பொண்ணோட பெயர்ல!

முத்துலட்சுமி பிறந்தது 1886, ஜூலை 30. அப்பா நாராயணசாமி ஐயர் கல்வியாளர். அம்மா சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். அந்த ஒரு காரணத்துக்காகவே ஊர் அந்தக் குடும்பத்தைத் தள்ளிவைத்துப் பார்த்தது.

சின்ன வயசுல திண்ணைப் பள்ளியில சேர்த்தாங்க. பால் கணக்கு, சலவைக் கணக்கு எழுதும் அளவுக்குத் தமிழ் தெரிஞ்சா போதும் என்பதுதான் வீட்டின் கணக்கு. ஆனா, பொண்ணு கெட்டிக்காரினு பார்த்த ஆசிரியர்கள் இங்கிலீஷும் சொல்லிக்கொடுத்தாங்க.

வயசுக்கு வந்ததும் பள்ளிக்கூடம் போறது நின்னுபோச்சு. அம்மா கல்யாணப் பேச்சை எடுத்தார். முத்துலட்சுமியோ படிக்கணும்னு பிடிவாதமா நின்னார். கடைசியில அப்பா மகள் பக்கம் சாய்ந்தார். வீட்டிலிருந்தே படித்து, 1902-ல் மெட்ரிகுலேஷன் தேறினார்.

அடுத்து காலேஜ். அங்கேதான் பெரிய சிக்கல். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரி ஆண்களுக்கானது. ஒரு பொண்ணு வந்தா பசங்க கெட்டுப்போவாங்கனு எதிர்ப்பு. அவர் பிறந்த குடும்பத்தைச் சொல்லியும் எதிர்ப்பு. மார்க்கைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை! மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான்தான் எதையும் காதில் வாங்காமல், சேர்த்துக்கொள்ளச் சொன்னார். அந்தக் கல்லூரியின் முதல் மாணவி முத்துலட்சுமிதான்.

இடம் கிடைச்சாலும் நிம்மதி கிடைக்கலை. மூடிய வண்டியில வரணும். வகுப்புல பசங்க பார்க்க முடியாதபடி திரைக்குப் பின்னால உட்காரணும். போதாக்குறைக்கு ரத்தசோகை, கிட்டப்பார்வை, ஆஸ்துமா. இத்தனையையும் சுமந்துதான் பாஸ் பண்ணினார்.

1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரி. அங்கேயும் அறுவைசிகிச்சை வகுப்புக்குப் பெண்கள் வரக் கூடாதுனு ஒரு பேராசிரியர் தடுத்தார். அதே பாடத்தில் முத்துலட்சுமி சிறப்பாகத் தேறிய பிறகு, அவரே மனசு மாறினார். 1912-ல் நம்மாளு டாக்டர்!

தன்னைத் தள்ளிவைத்த சமூகத்துக்கு அவர் சொன்ன பதில் என்ன தெரியுமா? 1927-ல் சென்னை மாகாண சட்டமன்றத்துக்குள் முதல் பெண் உறுப்பினராக நுழைந்தார். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். 1947-ல் அதற்கான சட்டம் வந்தது. ஆதரவற்ற பெண்கள் தங்கிப் படிக்க அவ்வை இல்லம் தொடங்கினார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த வலி, 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக எழுந்தது. 1968-ல் மறைந்தார்.

இன்னிக்கு மன்னர் கல்லூரி வாசல்ல பொண்ணுங்க கூட்டமா பேசிச் சிரிச்சுக்கிட்டு உள்ளே போறாங்க. அடுத்த முறை அந்தப் பக்கம் போனா, ஒரு நிமிஷம் நின்னு பாருங்க. அங்கே முதல்ல நுழைஞ்ச பொண்ணுக்கு, பேசிச் சிரிக்க ஒரு தோழிகூட இல்லை!