பட்டம் வாங்காத பேராசிரியர்

நகரமைப்பைக் கல்லூரிப் பாடமாக்கிய முன்னோடிகளில் ஒருவர் பாட்ரிக் கெட்டிஸ். 1854-ல் ஸ்காட்லாந்தில் பிறந்தார். லண்டனில் உயிரியல் படித்தும் பட்டம் எதுவும் வாங்கவில்லை. ஆயினும் டண்டீ நகரில் தாவரவியல் பேராசிரியரானார்.

1914-ல் சென்னை கவர்னர் பென்ட்லண்ட் பிரபு அவரை அழைத்தார். நகரங்களைப் பற்றிய வரைபடங்களும் படங்களும் அடங்கிய தமது கண்காட்சியை வேறொரு கப்பலில் ஏற்றிவிட்டுப் புறப்பட்டார். சென்னைமீது குண்டு வீசிய அதே எம்டன் அந்தக் கப்பலை மூழ்கடித்தது. பல ஆண்டு உழைப்பு கடலோடு போயிற்று. மனிதர் தளரவில்லை. நண்பர்கள் உதவியால் புதிதாகப் படங்கள் சேர்த்து, 1915-ல் சென்னையில் கண்காட்சியை நடத்தியே காட்டினார்.

பிறகு மதுரை, தஞ்சை முதலிய ஊர்களை நடந்து ஆராய்ந்தார். நெருக்கடியான பகுதிகளை இடித்து அகல வீதி போடுவதே அன்றைய அதிகாரிகள் கண்ட வைத்தியம். இடித்தால் ஏழைகள் அடுத்த தெருவில்தான் போய் நெருக்குவார்கள் என்று கெட்டிஸ் வாதாடினார். பாழடைந்த வீடுகளை மட்டும் அகற்றி, மரத்தையும் கோயிலையும் காத்து, காற்றுக்கு இடம்விடுவது அவர் முறை. செலவும் குறைவு.

1917-ல் அவர் மகன் பிரான்ஸ் போர்முனையில் மாண்டார். நோயுற்றிருந்த மனைவியிடம் அதை மறைத்தார். அந்த அம்மையாரும் அதே ஆண்டு இந்தியாவிலேயே காலமானார். துயரத்திலும் பணி நிற்கவில்லை.

1919-ல் பம்பாய்ப் பல்கலைக்கழகம் சமூகவியல் துறையைத் தொடங்கி அவரிடம் ஒப்படைத்தது. 1924 வரை கற்பித்தார். பட்டம் வாங்காத அவரை 1932-ல் 'சர்' பட்டம் தேடிவந்தது. அதே ஆண்டு பிரான்சில் மறைந்தார். அவர் தொடங்கிவைத்த துறை நூறாண்டு கடந்தும் மும்பையில் நடந்து வருகிறது.