யப்பானில் ஓர் எழுத்து வாத்தியார்

யப்பானியர் தூரிகையால் எழுதுவதைப் பெரிய கலையாக மதிப்பவர்கள். போருக்குப் பிறகு அந்தக் கலையின் பழைய கட்டுகளை உடைத்தவர்களில் ஒருவர் இனோவே யூயிச்சி. 1916இல் ரோக்கியோவில் பிறந்தவர். 1935 தொடக்கம் 1976 மட்டும் பாடசாலை வாத்தியார். தூரிகை பிடிச்சதெல்லாம் வேலை முடிஞ்ச பிறகுதான். மெசினோட நிண்டுபோட்டு வாற எனக்கு இதுதான் முதலில் பிடிச்சது.

1945 மார்ச் 10 அதிகாலை அமெரிக்க விமானங்கள் ரோக்கியோவில் நெருப்புக் குண்டுகளைக் கொட்டின. ஒரு லட்சம் பேரளவில் செத்தார்கள். யூயிச்சி அன்றிரவு யோக்கோகாவா பள்ளிக்கூடத்தில் கடமையில் நின்றார். தஞ்சமென்று ஓடிவந்த சனம் அங்கேயே கருகியது. பள்ளிக்கூடமெண்டால் தப்பலாம் எண்டு ஓடின எங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. மயங்கிக் கிடந்த அவர் பல மணித்தியாலத்துக்குப் பிறகு உயிர் மீண்டார்.

1952இல் மொறிற்றா ஷிறியூ முதலிய நால்வருடன் சேர்ந்து போகுஜின்காய் என்ற சங்கத்தைத் தொடங்கினார். 1957இல் அவருடைய எழுத்து பிரேசிலில் சாவோ பவுலோ கண்காட்சிக்குப் போனது. நிலத்தில் பெரிய கடதாசியை விரித்து, பென்னாம்பெரிய தூரிகையால் ஒரேயொரு எழுத்தை எழுதுவார். 'வறுமை' என்ற எழுத்தை எத்தனையோ தரம் எழுதினார். இதென்ன கிறுக்கல் எண்டு சிலர் கேட்கலாம். புத்தகத்தில் படம் பார்த்த எனக்கு, தலையில் சுமையோடு காலை அகட்டி நடக்கிற மனிசன் மாதிரித்தான் தெரிஞ்சது.

பள்ளிக்கூடத்தில் செத்தவர்களைப் பற்றிய அவருடைய பெரிய படைப்பு 1978ஆம் ஆண்டுக்குரியது. 33 வருடம் கழிச்சு. அதில் ஒற்றை எழுத்தில்லை. கடதாசி நிறைய நெருக்கமாக, கோணல்மாணலாக, அந்த இரவு முழுக்க இருக்கிறது. 1985இல் காலமானார்.