நாய் பிடிக்கும் வேலையையே கையில் எடுத்த பெண்... யார் இந்த கரோலின் ஏர்ல் ஒயிட்?

தெருவில் திரியும் நாயைச் சுருக்குப் போட்டுப் பிடித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். வண்டி தெருமுனையில் திரும்பிவிடுகிறது. அதுக்கப்புறம் அந்த நாய்க்கு என்ன ஆச்சு என்று யாரும் பின்னாலேயே போய்ப் பார்ப்பதில்லை.

சுமார் 150 வருஷத்துக்கு முன்னால், அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்தில் சில பெண்கள் பின்னாலேயே போய்ப் பார்த்தார்கள். பார்த்ததோடு நிற்காமல், அந்த வேலையை எங்களிடமே கொடுங்கள் என்று நகர நிர்வாகத்திடம் கேட்டு வாங்கினார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் கரோலின் ஏர்ல் ஒயிட். அமெரிக்காவின் முதல் விலங்குக் காப்பகம் இவர் நடத்தியதுதான் என்று சொல்லப்படுகிறது. ஆனால் அந்தக் காப்பகத்துக்குள் நடந்தது எல்லாமே மனசுக்கு இதமான கதை கிடையாது.

யார் இவர்?

1833 செப்டம்பர் 28-ம் தேதி பிலடெல்பியாவில் பிறந்தவர் கரோலின். அப்பா தாமஸ் ஏர்ல் ஒரு வக்கீல். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம். கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்திருப்பதை எதிர்த்தவர் தாமஸ். கறுப்பினத்தவருக்கும் ஓட்டுரிமை வேண்டும் என்று பேசியதால் அரசியலில் அவருக்கு இழப்புதான். 1840-ல் அடிமை முறையை எதிர்க்கவென்றே ஆரம்பித்த லிபர்ட்டி கட்சியின் துணை ஜனாதிபதி வேட்பாளராக நின்றார், தோற்றார். தோற்கும் என்று தெரிந்தும் நிற்கிற குணம் மகளுக்கு எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதில்லை.

அந்தக் காலத்துப் பெண்களில் நன்றாகப் படித்தவர் கரோலின். லத்தீன், வானியல், ஐரோப்பிய மொழிகள் என்று பலதும் கற்றார். ஆனால் அவரது வாழ்க்கையைத் திருப்பியது படிப்பு இல்லை, தெரு. அன்றைக்கு நகரத்தில் சரக்கு இழுப்பது எல்லாமே குதிரையும் கோவேறு கழுதையும்தான். அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றி, இழுக்க முடியாமல் நிற்கும் விலங்கைச் சவுக்கால் விளாசுவது அன்றாடக் காட்சி. அதைப் பார்க்க முடியாமல் சின்ன வயதில் சில தெருக்கள் வழியாகப் போவதையே தவிர்த்தார் கரோலின்.

1854-ல் ரிச்சர்ட் ஒயிட் என்ற வக்கீலைத் திருமணம் செய்தார். கணவரின் கத்தோலிக்க மதத்துக்கும் சில வருடங்களில் மாறினார். இங்கிலாந்தில் விலங்குகளைக் கொடுமைப்படுத்துவதைத் தடுக்க ஒரு சங்கமே இருக்கிறது என்ற தகவல் கணவர் மூலமாகத்தான் அவருக்குத் தெரியவந்தது. அப்படி ஒன்று நம்ம ஊரில் ஏன் இல்லை என்ற கேள்வி அப்போதே விழுந்துவிட்டது.

உழைத்தது அவர்... பதவி ஆண்களுக்கு!

1866-ல் நியூயார்க்கில் ஹென்றி பெர்க் என்ற செல்வந்தர் அமெரிக்காவின் முதல் விலங்குவதைத் தடுப்புச் சங்கமான ஏ.எஸ்.பி.சி.ஏ.வைத் தொடங்கினார். அதே வருஷம் நியூயார்க் போய் அவரையே நேரில் சந்தித்தார் கரோலின். ஊரில் செல்வாக்கானவர்களிடம் கையெழுத்து வாங்கு, சங்கத்தைப் பதிவு செய், சட்டம் கொண்டுவா... இதுதான் பெர்க் காட்டிய வழி.

கரோலின் ஊர் திரும்பி வீடு வீடாக ஏறி இறங்கினார். அதே நேரத்தில் பிலடெல்பியாவில் இன்னொருவரும் இதே எண்ணத்தோடு முயற்சி செய்துகொண்டிருந்தார். இரண்டு முயற்சியும் ஒன்றுசேர, 1867-ல் பென்சில்வேனியா விலங்குவதைத் தடுப்புச் சங்கம் உருவானது.

நிர்வாகக் குழுவைப் போட்டார்கள். அதில் ஒரு பெண்கூட இல்லை. கையெழுத்து வாங்க அலைந்த கரோலினும் இல்லை! பெண்கள் பொதுவெளியில் பதவி வகிப்பது மரியாதை இல்லை என்று நினைத்த காலம் அது.

இரண்டு வருஷம் போனது. 1869-ல் சங்கத்தின் தலைவர் மோரிஸ் வால்ன், பெண்களுக்குத் தனிக்கிளை ஒன்று தொடங்கி அதை நடத்தச் சொல்லி கரோலினைக் கேட்டார். ஓரமாக உட்கார வைக்கிற ஏற்பாடு மாதிரிதான் இது தெரியும். ஆனால் நடந்தது நேர்மாறு. ஆண்கள் குழு இல்லாத இடத்தில் முடிவெடுக்கும் அதிகாரம் முழுசாக இவர்கள் கைக்கு வந்தது. தலைவர் பொறுப்பில் கரோலின் கடைசி வரை இருந்தார். அந்தக் கிளை எடுத்த ஆரம்ப முடிவுகளில் ஒன்று, வீடில்லாத, தொலைந்துபோன நாய்களுக்கு ஒரு புகலிடம் வேண்டும் என்பது.

நாய் வண்டி எப்படி இயங்கியது?

இதைப் புரிந்துகொள்ள அன்றைய பயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். வெறிநாய்க்கடி என்றால் மரணம்தான். லூயி பாஸ்டரின் தடுப்பூசி மனிதர்களுக்குப் போடப்பட்டது 1885-ல்தான். அதற்கு முன்னால் ஒரு குழந்தையை வெறிநாய் கடித்துவிட்டால் பெற்றோர் செய்வதற்கு எதுவுமே இல்லை. அதனால் கோடைக்காலம் வந்தாலே அமெரிக்க நகரங்களில் நாய் வேட்டை ஆரம்பித்துவிடும். வெயிலில்தான் நாய்க்கு வெறி பிடிக்கும் என்று பலரும் நம்பிய காலம்.

பிடிக்கும் முறை கொடூரமானது. ஓடும் நாயின் கழுத்தில் சுருக்குக் கயிறு எறிவார்கள். தரதரவென்று இழுத்து வண்டிக்குள் வீசுவார்கள். அங்கிருந்து நாய்ப்பட்டி, அதாவது பிடித்த நாய்களை அடைக்கும் இடம். உரிமையாளர் வந்து பணம் கட்டினால் நாய் பிழைக்கும். யாரும் வரவில்லை என்றால் தடியால் அடித்தே கொல்வார்கள், மற்ற நாய்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

பல ஊர்களில் ஊழலும் சேர்ந்துகொண்டது. நியூயார்க்கில் ஒரு காலத்தில் நாய்க்கு 50 சென்ட் என்று சன்மானம் கொடுத்தார்கள். விளைவு? தெருநாயைத் தேடுவதைவிட வீட்டு வாசலில் கட்டியிருக்கும் நாயைத் திருடுவது சுலபம் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். எண்ணிக்கைக்குக் காசு கொடுத்தால் எந்த ஊரிலும் இதுதான் நடக்கும்.

அங்கே மறுத்தார் பெர்க்... இங்கே ஏற்றார் கரோலின்

கதையின் முக்கியமான இடம் இதுதான். நியூயார்க்கின் நாய்ப்பட்டி ஈஸ்ட் ரிவர் ஆற்றங்கரையில் இருந்தது. அங்கே நாய்களை இரும்புக் கூண்டில் அடைத்து, கிரேன் மூலம் ஆற்றுக்குள் இறக்கி மூழ்கடித்தார்கள். 1877 ஜூலையில் ஒரே நாளில் 700-க்கும் மேற்பட்ட நாய்கள் இப்படிக் கொல்லப்பட்டன. தடியால் அடிப்பதைவிட இது பரவாயில்லை என்று அன்றைக்குப் பேசப்பட்டது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இந்தப் பட்டியை நீங்களே நடத்துங்களேன் என்று நகரம் பெர்க்கிடம் கேட்டது. அவர் முடியாது என்றார். விலங்கைக் காப்பாற்றத் தொடங்கிய சங்கம் விலங்கைக் கொல்லும் வேலையைச் செய்யாது என்பது அவர் நிலைப்பாடு. வெளியே இருந்து கண்காணித்தார், கண்டித்தார், வழக்குப் போட்டார். பட்டியைத் தொடவில்லை.

கரோலின் எதிர்த்திசையில் போனார். 1870-ல் மேயரிடம் பேசி, நாய் பிடிப்பவர்களை நியமிக்கும் அதிகாரத்தைப் பெண்கள் கிளைக்கு வாங்கினார். பிடிக்கப்படும் நாய்கள் இவர்களது காப்பகத்துக்கே வரும். யார் பிடிக்க வேண்டும், எப்படிப் பிடிக்க வேண்டும், உள்ளே எப்படி வைத்திருக்க வேண்டும் என்பதை இனி இவர்கள் தீர்மானிக்கலாம். காப்பகத்துக்கு வரும் நாய்க்குச் சாப்பாடு, தண்ணீர், தங்க இடம். தேடி வரும் உரிமையாளரிடம் ஒப்படைப்பது, யாரும் வராத நல்ல நாய்க்குப் புது வீடு பார்ப்பது என்று வேலை மாறியது.

நல்ல விஷயம்தானே, இதில் என்ன சிக்கல்?

சிக்கல் கணக்கில் இருந்தது. வரும் நாய்கள் அதிகம், எடுத்துக்கொள்ளும் வீடுகள் குறைவு. கருத்தடை அறுவை சிகிச்சை என்ற வழியே நடைமுறையில் இல்லாத காலம். மிச்சம் இருக்கும் நாய்களை என்ன செய்வது? கொல்லத்தான் வேண்டியிருந்தது. தடியை ஒழித்துவிட்டு, மூடிய அறைக்குள் வாயுவைச் செலுத்தும் முறையைக் கொண்டுவந்தார்கள். வலி குறைவு என்று நம்பினார்கள். இன்றைய பார்வையில் அதுவும் கொடுமையாகத் தெரியலாம். ஆனால் தெருவில் அடிபட்டுச் சாவதா, பட்டினியில் சாவதா, தடியடியில் சாவதா என்ற தேர்வுகளோடு ஒப்பிட்டு அவர்கள் எடுத்த முடிவு அது.

பெர்க் கையில் அந்த ரத்தம் படவில்லை. கரோலினின் சங்கத்தின் பெயரில் நாய்கள் செத்தன. யார் செய்தது சரி? பெர்க்கின் நிலைப்பாட்டில் ஒரு சுத்தம் இருக்கிறது, மறுக்க முடியாது. ஆனால் அந்த வருடங்களில் பிடிபட்ட ஒரு நாயின் இடத்தில் இருந்து பார்த்தால் பிலடெல்பியா மேல்.

கதவைத் தட்டிய டாக்டர்கள்

காப்பகம் தொடங்கிக் கொஞ்ச நாளிலேயே இன்னொரு சோதனை வந்தது. பிலடெல்பியா அன்றைக்கு அமெரிக்காவின் மருத்துவத் தலைநகரம் மாதிரி. நரம்பியலில் பெரிய பெயரெடுத்த டாக்டர் வெயர் மிட்செல் அங்கேதான் இருந்தார். காப்பகத்தில் யாரும் கேட்டு வராத நாய்களை ஆய்வுக்கூடப் பரிசோதனைக்குத் தாருங்கள் என்று 1871-ல் மருத்துவர்கள் தரப்பில் இருந்து கோரிக்கை வந்தது.

கேட்டவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. அவர்கள் வாதமும் லேசானது இல்லை. எப்படியும் சாகப்போகிற நாய்தானே, அதனால் மருத்துவத்துக்குப் பயன் கிடைக்கட்டுமே என்பதுதான் அது. கரோலினும் அவரது குழுவும் மறுத்துவிட்டார்கள். வலி இல்லாமல் முடிப்போம் என்ற நம்பிக்கையில்தான் நாய்கள் இவர்கள் பொறுப்பில் விடப்பட்டன. கத்திக்கு அனுப்பினால் அந்த ஏற்பாட்டுக்கே அர்த்தம் போய்விடும்.

அந்த மோதல் அவரை வேறு பக்கம் இழுத்தது. லண்டனில் விலங்குப் பரிசோதனையை எதிர்த்துப் போராடிய பிரான்சிஸ் பவர் காப் என்பவரின் தொடர்பு கிடைத்தது. 1883-ல் தோழி மேரி லோவெலோடு சேர்ந்து, உயிருள்ள விலங்குகள் மீதான பரிசோதனையை எதிர்க்கும் அமெரிக்காவின் முதல் சங்கத்தைத் தொடங்கினார். முதலில் கட்டுப்பாடு மட்டும் கேட்டார்கள். 1887-ல் முழுத் தடை வேண்டும் என்று மாறினார்கள். சட்டசபைக்குக் கொண்டுபோன மசோதாக்கள் தோற்றன. மருத்துவத் துறை வளர வளர, இவர்களை உணர்ச்சிவசப்பட்ட பெண்கள் என்று கேலி செய்வதும் வளர்ந்தது.

இடையில் வேறு சண்டைகளும் உண்டு. ரயிலில் கொண்டுபோகும் கால்நடைகளை 28 மணி நேரத்துக்கு ஒருமுறை இறக்கி, தண்ணீர், தீனி, ஓய்வு கொடுக்க வேண்டும் என்று 1873-ல் அமெரிக்காவில் சட்டம் வந்தது. அதை மீறிய ரயில்வே நிறுவனத்தையே கோர்ட்டுக்கு இழுத்தார்கள். பந்தயத்துக்காக உயிருள்ள புறாக்களைப் பறக்கவிட்டுச் சுடுவதையும் எதிர்த்தார்கள்.

அப்புறம் என்ன ஆச்சு?

1888 மார்ச்சில், நியூயார்க்கைப் புரட்டிப்போட்ட பனிப்புயலின்போது ஹென்றி பெர்க் இறந்தார். 1894-ல் அவரது சங்கம், அவர் வேண்டாம் என்று தள்ளிய அதே வேலையை ஏற்றுக்கொண்டது. நியூயார்க்கின் தெருநாய்ப் பொறுப்பு ஏ.எஸ்.பி.சி.ஏ.விடம் வந்தது. ஆற்றில் மூழ்கடிப்பது நின்றது. பிலடெல்பியா பெண்கள் போன பாதைக்கு நியூயார்க் வந்துசேர 24 வருஷம் ஆகியிருந்தது. நூறு வருஷம் அந்த வேலையைச் செய்துவிட்டு 1994 கடைசியில்தான் அந்தச் சங்கம் அதிலிருந்து வெளியே வந்தது.

கரோலின் 1916 செப்டம்பர் 7-ம் தேதி இறந்தார். வயது 82. அமெரிக்கப் பெண்கள் எல்லோருக்கும் ஓட்டுரிமை உறுதியானது அதற்கு நான்கு வருஷம் கழித்துத்தான். அதாவது, ஒரு மாநகரத்தின் நாய் பிடிக்கும் துறையை மாற்றியமைத்த அந்தப் பெண்ணுக்கு, அந்த மாநகரத்தின் மேயரைத் தேர்ந்தெடுக்க வாழ்நாள் முழுக்க ஓட்டு கிடையாது.

1871-ல் அவர் மறுத்த விஷயம் அவரோடு முடியவில்லை. காப்பகங்களில் இருக்கும் நாய்களை ஆய்வுக்கூடங்கள் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும் என்று 1952-ல் நியூயார்க் மாநிலம் சட்டமே போட்டது. அதை எதிர்த்துப் போராடி ரத்து செய்ய வைக்க 1979 வரை ஆனது.

அவர் தொடங்கிய பெண்கள் கிளை பின்னாளில் தனிச் சங்கமானது. பெயர் மாறி, இடம் மாறி, பிலடெல்பியாவுக்குப் பக்கத்தில் பென்சலம் என்ற ஊரில் விலங்குகள் காப்பகமாக இன்றைக்கும் இயங்குகிறது. யாரும் தேடி வராத நாய்களுக்கு அங்கே வீடு பார்க்கிறார்கள்.