படப்பெட்டியோடு ஊர் ஊராய்

மங்கலான படம். முகங்களில் வெளிச்சம் சரியாக விழவில்லை. ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் நடுவே ஏதோ விட்டுப்போனது போலிருக்கிறது. நடிப்பவர்களிலே சிலர் தெருவில் போனவர்களைக் கூப்பிட்டு நிறுத்தியது போல நிற்கிறார்கள். இப்படிப்பட்ட படத்துக்கு முன்னால் உட்காருகிறவர் ஐந்து நிமிடத்தில் எழுந்துவிடுவார். நாமும் எழத்தான் பார்த்தோம். ஆனால் எழாமல் இருந்தோமானால், ஒரு கட்டத்தில் வாரத்துக்கு உழுகிற ஏழைக் குடியானவன் ஒருவன் தன் கணக்கைத் தீர்த்துக்கொள்ளப் பண்ணையாரிடம் போகிறான். கணக்கை எழுதிக் கொடுத்தவள் அவன் வளர்த்த பெண், படித்தவள். இத்தனை நாளும் பண்ணையார் சொன்னதுதான் கணக்கு. இன்று அவன் கையிலும் கணக்கு இருக்கிறது. அதற்கப்புறம் எழுந்து போக மனம் வருமா?

அந்தப் படம் 1920-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த 'விதின் அவர் கேட்ஸ்'. நம் வாசலுக்குள்ளே என்று தமிழில் சொல்லலாம். பேசாத படம். எடுத்தவர் ஆஸ்கர் மிஷோ என்ற கருப்பர். பெரிய ஸ்டூடியோ இல்லை, கோடீசுவர முதலாளி இல்லை. எழுதியவரும் அவரே, எடுத்தவரும் அவரே, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராய் விற்கப் போனவரும் அவரே.

மிஷோ பிறந்தது 1884 ஜனவரி 2. ஊர் இல்லினாய் மாநிலத்து மெட்ரோபோலிஸ். மாநகரம் என்று பெயர், ஆனால் சிற்றூர்தான்! தந்தை அடிமையாகப் பிறந்தவர். வீடு நிறையப் பிள்ளைகள். பதினேழு வயதில் பையன் சிக்காகோ போய்ச் சேர்ந்தான். கசாப்புக் கிடங்குகளிலே வேலை, இரும்பாலையிலே வேலை, வெள்ளையர் முடிதிருத்தும் கடையிலே பூட்சுக்குப் பாலிஷ் போடும் வேலை. பிறகு புல்மன் கம்பெனியின் தூங்கும் ரயில் பெட்டிகளில் போர்ட்டர்.

அந்தப் போர்ட்டர் வேலையைப் பற்றி ரயில்வேத் தோழர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். இரவெல்லாம் கண் விழித்துப் படுக்கை விரிக்க வேண்டும், மடிக்க வேண்டும், பெட்டி தூக்க வேண்டும், பூட்சைத் துடைத்து வைக்க வேண்டும். சம்பளம் அற்பம், பிரயாணி இரங்கிக் கொடுக்கும் இனாம்தான் வயிற்றுக்கு. பெற்றோர் வைத்த பெயருக்கும் அங்கே இடமில்லை. கம்பெனி முதலாளி ஜார்ஜ் புல்மன் அல்லவா? ஆகவே போர்ட்டர் ஒவ்வொருவனும் 'ஜார்ஜ்'! எசமானின் பெயரை அடிமைக்குச் சூட்டும் பழைய வழக்கம், அடிமை முறை ஒழிந்த பின்னும் ரயிலேறிப் பிரயாணம் செய்தது. இந்தத் தொழிலாளர்கள் 1925-ல் சங்கம் கட்டினார்கள். 1937-ல் கம்பெனியை ஒப்பந்தத்தில் கையெழுத்திட வைத்தார்கள். ஆனால் மிஷோ அதற்குப் பல ஆண்டுகள் முன்பே வேலையை விட்டுவிட்டார். நாடு முழுவதையும் ரயில் சன்னல் வழியே பார்த்தவர், காசு சேர்த்துக்கொண்டு 1905 வாக்கில் தெற்கு டக்கோட்டாவில் நிலம் வாங்கி உழப் போனார்.

அந்த நிலம் யாருடையது? ரோஸ்பட் பகுதிப் பழங்குடி மக்களுடையது. அரசாங்கம் அவர்களிடமிருந்து எடுத்துக் குடியேறுகிறவர்களுக்குப் பங்கு போட்டது. அடிமையின் மகன் அந்தப் பங்கிலே ஏர் பூட்டினார் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுவோம்.

சுற்றிலும் வெள்ளைக் குடியானவர்கள். நடுவே இவர் ஒருவர் கருப்பர். சில ஆண்டுகள் நன்றாகவே நடந்தது. பிறகு மழை பொய்த்தது, கடன் ஏறியது, நிலம் போயிற்று. சிக்காகோப் பாதிரியார் ஒருவரின் மகளை மணந்திருந்தார்; அந்த மணமும் முறிந்தது. மாமனார் மீது பிறந்த கோபம் கடைசி வரை தணியவில்லை. பொல்லாத பாதிரியார்கள் அவருடைய படங்களில் அடிக்கடி தலைகாட்டுவதற்கு இது ஒரு காரணமென்று சொல்வதில் தவறில்லை.

நிலத்தை இழந்தவர் பேனாவை எடுத்தார். 1913-ல் முதல் புத்தகம். அதைப் போட எந்தப் பெரிய கம்பெனியும் வரவில்லை. தானே அச்சுக்குக் கொடுத்து, தானே மூட்டை கட்டி, வீடு வீடாகக் கதவைத் தட்டினார். வாங்கியவர்களில் பலர் அக்கம்பக்கத்து வெள்ளைக் குடியானவர்கள். 1917-ல் வந்த 'தி ஹோம்ஸ்டெடர்' என்ற நாவலைப் படமாக்க, கருப்பர்களே நடத்திய லிங்கன் படக் கம்பெனி விரும்பியது. மிஷோ ஒரு நிபந்தனை போட்டார்: படத்தை நானே இயக்குவேன். காமிராவைத் தொட்டறியாதவர் கையில் யார் கொடுப்பார்கள்? பேச்சு முறிந்தது. அதனால் என்ன? தாமே கம்பெனி தொடங்கினார். சியூ நகரத்தைச் சுற்றியிருந்த குடியானவர்களிடம் பங்குகளை விற்றார். புத்தகம் வாங்கிய கைகளே பங்கும் வாங்கின. 1919 பிப்ரவரியில் சிக்காகோவில் படம் வெளிவந்தது. முழுநீளப் படமெடுத்த முதல் அமெரிக்கக் கருப்பர் என்று வரலாறு அவரைக் குறித்துக்கொண்டது.

அந்தக் காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். நான்காண்டு முன்பு, 1915-ல், கிரிஃபித் என்ற புகழ்பெற்ற இயக்குநர் 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' என்ற மூன்று மணி நேரப் படத்தை எடுத்திருந்தார். கருப்பர்களைக் கற்பழிக்கும் மிருகங்களாகவும், முகமூடி மாட்டிய கு கிளக்ஸ் கிளான் கொலைகாரர்களைக் காவல் தெய்வங்களாகவும் காட்டிய படம். தொழில் திறமை? அபாரம்! வெள்ளை மாளிகையிலேயே திரையிட்டார்கள். பளபளப்பான பொய்க்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடைத்ததில்லை. பின்பு 1919 ஜூலையில் சிக்காகோ ஏரிக்கரையில் ஒரு கருப்பினச் சிறுவன் கல்லெறிபட்டு மூழ்கி இறந்தான். மூண்ட கலவரத்தில் 38 பேர் மாண்டனர். அவர்களில் 23 பேர் கருப்பர்.

அந்த ரத்தம் காயுமுன், அதே சிக்காகோவில், 1920 ஜனவரியில் மிஷோ தமது பதிலைத் திரையிட்டார். கணக்குக் கேட்கப் போன குடியானவன் கதைக்கு இனி வருவோம். வாக்குவாதம் நடக்கும்போது சன்னலுக்கு வெளியிலிருந்து ஒருவன் பண்ணையாரைச் சுட்டுவிடுகிறான். சுட்டவன் வெள்ளையன், அதே பண்ணையாரிடம் ஏமாந்த ஏழை வெள்ளையன். பழியோ கருப்பன் மீது. ஊரே திரண்டு துரத்துகிறது. கணவனையும் மனைவியையும் தூக்கிலிட்டுக் கொளுத்துகிறார்கள். காட்டிக் கொடுத்த கருப்பு வேலைக்காரன் தனக்குச் சலுகை கிடைக்குமென்று நம்புகிறான். பொறுமையிழந்த கூட்டம் அவனையும் விட்டுவைக்கவில்லை. மறுபக்கம் பண்ணையாரின் தம்பி அந்தப் படித்த பெண்ணைக் கெடுக்கப் பாய்கிறான். அவள் மார்பிலிருக்கும் தழும்பைக் கண்டு திடுக்கிடுகிறான். அவள் அவனுக்கே பிறந்த மகள்! கிரிஃபித் காட்டிய பொய்யைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டுவிட்டார் மிஷோ. யார் யாரைக் கெடுத்தார்கள் என்று கேட்டுவிட்டார்.

பத்திரிகைக்காரர்களான நமக்கு உறைக்கும் ஒன்றையும் வைத்திருக்கிறார். மறுநாள் வெள்ளையர் பத்திரிகை அந்தச் சம்பவத்தை எப்படி எழுதிற்று என்பதை, அந்தப் பொய்யை, அப்படியே ஒரு காட்சியாக எடுத்துக் காட்டுகிறார். உண்மைக்கும் அச்சுக்கும் உள்ள தூரத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை.

தணிக்கைக் குழு பதறியது. மறுபடி கலவரம் வெடிக்கும் என்றார்கள். கருப்பர்களிலும் சிலர் வேண்டாமென்றார்கள். வெட்டினார்கள், ஊருக்கு ஊர் வெட்டு வேறு. மிஷோ அசரவில்லை. எதிர்ப்பையே விளம்பரமாக்கினார்! வியாபாரி அல்லவா?

அவர் படமெடுத்த விதம்தான் நாம் விரிவாகச் சொல்ல விரும்புவது. அடுத்த படத்தின் கதையையும் நடிகர்களின் போட்டோக்களையும் எடுத்துக்கொண்டு, கருப்பர் பகுதிக் கொட்டகை ஒவ்வொன்றாக ஏறி இறங்குவார். எடுக்காத படத்துக்குத் தேதி வாங்குவார், முன்பணம் வாங்குவார். அந்தப் பணம்தான் மூலதனம். செட் போடக் காசில்லை. நண்பர் வீட்டுக் கூடமே செட். ஒரு காட்சிக்கு ஒரே தடவைதான் காமிரா ஓடும். நடிகர் தடுமாறினாலும் அப்படியே இருக்கட்டும், பிலிம் விலை என்ன விலை! பிரதிகள் சிலவே. ஒரு ஊரில் ஓடி முடிந்ததைக் காரில் போட்டுக்கொண்டு அடுத்த ஊர். தென் மாநிலங்களில் சில கொட்டகைகள், வெள்ளையர் பார்த்துப் போன பிறகு நள்ளிரவில்தான் கருப்பர்களுக்குக் கதவைத் திறந்தன. அந்த நள்ளிரவுக் காட்சிக்கு, பகலெல்லாம் உழைத்துக் களைத்தவர்கள் தூக்கம் கெட்டு வந்தார்கள். வந்தவர்கள் வெளிச்சம் சரியில்லை என்று குறை சொல்லவா வந்தார்கள்? திரையிலே தங்களைப்போன்ற டாக்டரை, ஆசிரியையை, துப்பறிவாளரைப் பார்க்க வந்தார்கள்.

1925-ல் 'பாடி அண்ட் சோல்'. உடலும் ஆன்மாவும். பின்னாளில் உலகம் போற்றிய பாடகர் பால் ராப்சன் முதன்முதலாகத் திரையில் தோன்றியது இந்தச் சிக்கனப் படத்தில்தான். இரட்டை வேடம்: ஒன்று, ஏழைத் தாயின் சேமிப்பையும் அவள் மகளையும் சூறையாடும் போலிப் பாதிரி, மற்றது, நல்லவனான தம்பி. நியூயார்க் தணிக்கையாளர்கள் சம்மதிக்கவில்லை. வெட்டி மாற்றி, எல்லாம் தாய் கண்ட கனவு என்று முடிக்க வேண்டியதாயிற்று. கனவாம்! பார்த்தவர்களுக்குத் தெரியாதா?

1928-ல் திவால். 1931-ல் ஹார்லெம் கொட்டகை முதலாளிகளான வெள்ளையரின் பணத்தில் 'தி எக்ஸைல்' என்ற பேசும்படம். கருப்பர் ஒருவர் எடுத்த முதல் முழுநீளப் பேசும்படம் அது. மொத்தம் நாற்பதுக்கு மேற்பட்ட படங்கள்.

குறை சொல்லாமல் புகழ்ந்துகொண்டே போவது நமக்குப் பழக்கமில்லை. மிஷோவின் கதாநாயகர்கள் வெளிறிய நிறத்தவர். வில்லன்களோ பல படங்களில் கருத்த நிறத்தவர். தம் நடிகரைக் 'கருப்பு வாலண்டினோ' என்று விளம்பரம் செய்தார். வெள்ளையனை அளவுகோலாக வைத்தால்தானே இந்தப் பட்டம்? உழைப்பவன் உயர்வான், உயராதவன் மீதே குற்றம் என்ற எண்ணமும் அவரிடம் இருந்தது. 'ஜார்ஜ்' என்று அழைக்கப்பட்ட அத்தனை பேரும் தனித்தனியே நிலம் வாங்கி உயர்ந்துவிட முடியுமா? 1938-ல் 'காட்ஸ் ஸ்டெப் சில்ட்ரன்' படத்தை எதிர்த்து நியூயார்க்கில் மறியல் நடந்தது. கொட்டகைக்காரர் படத்தை எடுத்துவிட்டார். மறியல் செய்தவர்கள் பக்கமே நியாயம் இருந்தது என்பது நம் எண்ணம். ஆனால் மறியல் செய்யத் தக்க ஒரு படத்தைக் கருப்பர் ஒருவர் எடுக்க முடிந்ததே, அதற்கும் அடிகோலியவர் அவர்தான்.

1940-களில் மறுபடி நாவல். நான்கு எழுதினார், மனைவி ஆலிசும் அவரும் அலைந்து விற்றார்கள். 1948-ல் கடைசிப் படம் 'தி பிட்ரேயல்'. மூன்று மணி நேரத்துக்கும் மேலே. பத்திரிகைகள் கிழித்துப் போட்டன. 1951 மார்ச் 25-ல், வியாபாரப் பயணத்தின் நடுவே வட கரோலினாவின் ஷார்லட் நகரில் இறந்தார். 1987-ல் ஹாலிவுட் நடைபாதையில் அவர் பெயருக்கு ஒரு நட்சத்திரம் பதித்தார்கள். 2010-ல் தபால் தலை வெளியிட்டார்கள். முப்பத்தாறு ஆண்டு கழித்து வந்த ஞானம்!

அதற்குள் படங்கள் எங்கே? பேசாத படங்கள் இருபதுக்கு மேல் எடுத்தவரிடமிருந்து இன்று மிஞ்சியவை மூன்றே மூன்று. பெரிய கம்பெனிகளின் படங்களுக்கே பாதுகாப்பு இல்லாதிருந்த காலத்தில், காரில் உருண்டு தேய்ந்த இந்தப் பிரதிகளை யார் காப்பாற்றுவார்கள்? 'விதின் அவர் கேட்ஸ்' அமெரிக்காவில் கிடைக்கவில்லை. ஸ்பெயின் நாட்டு மாட்ரிட் படக் காப்பகத்தில் 'லா நெக்ரா' என்ற பெயரில் கிடந்தது. 1920-லேயே வந்த இன்னொரு படம், கு கிளக்ஸ் கிளான் கும்பலைப் பற்றியது, பெல்ஜியத்தில் கிடைத்தது. அதிலும் கிளான் கும்பலோடு மோதும் காட்சிதான் அழிந்துபோன பகுதி.

மாட்ரிட் பிரதியில் எழுத்து அட்டைகளெல்லாம் ஸ்பானிய மொழி. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1993-ல் அதைச் செப்பனிட்டபோது, அவர் வீடு வீடாக விற்ற அந்த நாவல்களைப் புரட்டி, அவருடைய நடை எப்படியென்று பார்த்து, வாசகங்களை ஆங்கிலத்துக்குத் திரும்பக் கொண்டுவந்தார்கள். நடுவே ஒரு பகுதி இல்லை. அங்கே என்ன நடந்தது என்று ஒரு அட்டை சொல்லுகிறது. காப்புரிமை முடிந்த படமாதலால், இன்று கைப்பேசியிலேயே காசில்லாமல் பார்க்கலாம். ஒன்றே கால் மணி நேரந்தான்.

முதல் படமான 'தி ஹோம்ஸ்டெடர்' இன்னும் கிடைக்கவில்லை. குடியானவர்களின் பங்குப் பணத்தில் எடுத்த அந்தப் படத்தைத் தேடுகிறவர்கள், பெயர் ஒட்டாத தகரப் பெட்டிகளை இன்னும் திறந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.