எடையைக் குறைத்த மனிதர்: கொலின் சாப்மன்

பொருளாதாரத் தடைக் காலத்தில் எங்கள் ஊர்ச் சந்தியில் ஒரு பழைய ஒஸ்டின் கார் நின்றது. கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். புகை கண்ணைக் கரிக்கும். ஆனாலும் நோயாளியை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடும். காரின் பெறுமதி வேறு, விலை வேறு என்பதை அதில்தான் அறிந்துகொண்டேன். பழைய ஒஸ்டினில் தொடங்கியவர் என்பதாலேயே கொலின் சாப்மனின் கதை எனக்கு நெருக்கமானது.

1928 மே 19 இல் இங்கிலாந்தில் பிறந்த சாப்மன், லண்டனில் கட்டமைப்புப் பொறியியல் படித்தார். 1948 இல், காதலி ஹேசலின் பெற்றோர் வீட்டுக் கராஜில் 'ஒஸ்டின் செவன்' ஒன்றைப் பிரித்துத் தன் முதல் போட்டிக் காரைச் செய்தார். ஹேசல் கடனாகக் கொடுத்த 25 பவுணோடு 1952 இல் லோட்டஸ் நிறுவனம் உருவானது.

பெரிய எஞ்சின் வாங்கப் பணமில்லாதவர் எடையைக் குறைத்தார். பாரம் குறைந்தால் கார் சீக்கிரம் வேகமெடுக்கும், சீக்கிரம் நிற்கும், வளைவிலும் பிடி விடாது. 1957 இல் வந்த 'லோட்டஸ் செவன்' காரை உதிரிப்பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டலாம். கொள்வனவு வரி மிச்சம். 1962 இல் வந்த 'எலான்' 700 கிலோவும் இல்லை. 3.8 லீற்றர் எஞ்சின் கொண்ட ஜகுவார் ஈ-டைப் 1,200 கிலோவுக்கு மேல். நேர்வீதியில் ஜகுவார் முந்தும். வளைந்த வீதியில் எலானை விரட்டுவது கடினம்.

1961 மொனாக்கோ போட்டியில் அது உலகத்துக்கே தெரிந்தது. முந்திய ஆண்டு மொடல் லோட்டஸ் ஒன்றில் ஸ்டேர்லிங் மொஸ், வலுக்கூடிய மூன்று ஃபெராரிகளை 100 சுற்றுகளும் சமாளித்து, 3.6 செக்கனால் வென்றார்.

ஆனால் மலிவு எங்கே முடிகிறது, ஆபத்து எங்கே தொடங்குகிறது? அதே வகைக் காரின் சில்லு 1960 இல் பெல்ஜியத்தின் ஸ்பாவில் கழன்று, மொஸ்ஸின் கால்கள் இரண்டும் முறிந்தன. கார்களின் பலவீனம் பற்றி ஜொகென் ரின்ட் 1969 இல் சாப்மனுக்குக் கடிதமே எழுதினார். அடுத்த ஆண்டு மொன்சாவில், அவரது லோட்டஸின் பிரேக் தண்டு முறிந்து, அவர் இறந்தார். அந்த ஆண்டின் உலகக் கிண்ணம் இறந்தவருக்கே கிடைத்தது.

ஏழு தடவை தயாரிப்பாளர் உலகப் பட்டம் வென்ற சாப்மன், 1982 டிசம்பர் 16 இல் 54 வயதில் மாரடைப்பால் காலமானார். டெலோரியன் கார்த் திட்டத்தில் காணாமற்போன பணம் பற்றிய கேள்விகள் அவரது பெயரோடு ஒட்டிக்கொண்டன. எலானை முன்மாதிரியாகக் கொண்டு மஸ்டா 1989 இல் செய்த எம்எக்ஸ்-5, சாதாரண உழைப்பாளியும் வாங்கக்கூடிய ஸ்போர்ட்ஸ் காரானது.

அவரது திறமையை நான் வியக்கிறேன். ஆனாலும் கணக்குப் பார்க்கும்போது ரின்ட் நினைவுக்கு வருகிறார். எங்கள் சந்தி ஒஸ்டின் மெல்லத்தான் ஓடியது. ஏற்றியவர்களைக் கொண்டுபோய் இறக்கியது.