ஞாயிறு பள்ளி வளர்த்த இராபர்ட் ரெய்க்ஸ்



செகிஞ்சான் நெல்வயல்களைத் தாண்டிக் கோலசிலாங்கூர் வட்டாரமெங்கும் பரந்து கிடக்கும் செம்பனைத் தோட்டங்களில் ஞாயிற்றுக்கிழமையே ஓய்வு நாள். ஆறு நாள் உழைத்த உடல் அன்றுதான் சற்றுக் களைப்பாறும். அந்த ஒரு நாளையும் பிறர் பிள்ளைகளுக்கென ஈந்துவிடும் நல்லோர் சிலர் நம்மிடையே உள்ளனர். நம் தோட்டத்தருகே உள்ள கிறிஸ்தவத் தேவாலயத்தில் ஊதியமின்றி ஞாயிறு பள்ளி நடத்தும் ஆசிரியர்களே அவர்கள். அண்மையில் அத்தேவாலயத்தில் அவர்களுக்கு நன்றி கூறும் விழா நடைபெற்றது. இத்தகைய பள்ளி எவ்வாறு தோன்றியது என்று மாணவர் சிலர் நம்மை வினவினர். அவ்வினாவுக்கு விடையாக ஒரு பெரியாரின் வாழ்வை ஈண்டு வரைகின்றோம்.

இங்கிலாந்து நாட்டின் குளோஸ்டர் நகரில் 1736ஆம் ஆண்டு பிறந்தவர் இராபர்ட் ரெய்க்ஸ். அவருடைய தந்தையார் அச்சகம் ஒன்றை நடத்தி, 'குளோஸ்டர் ஜர்னல்' என்னும் செய்தித்தாளை வெளியிட்டு வந்தார். 1757இல் தந்தையார் மறையவே, அப்பொறுப்பு இளைஞரான மகனின் தோளில் வந்தமர்ந்தது. செல்வமும் செல்வாக்கும் இருந்தும், துன்புறுவோரை மறந்து வாழ அவரால் இயலவில்லை. நகரச் சிறைச்சாலைக்குச் சென்று கைதிகளைக் கண்டார். உணவும் உடையுமின்றி வாடியோருக்குத் தம் செய்தித்தாளின் வாயிலாக உதவி வேண்டினார். குற்றம் புரிந்தோருள் பலர் எழுத்தறிவற்றவராய் இருப்பதையும் கண்டார். வளர்ந்தபின் திருத்த முயல்வதைவிட இளமையிலேயே கற்பிப்பது நன்று என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

அக்காலத்தில் குளோஸ்டர் நகரில் குண்டூசித் தொழிற்சாலைகள் பல இருந்தன. ஏழைச் சிறுவர் சிறுமியர் வாரத்தின் ஆறு நாளும் அங்கே வேலை செய்தனர். ஒரு நாள் தோட்டக்காரர் ஒருவரைத் தேடி ரெய்க்ஸ் நகரின் புறப்பகுதிக்குச் சென்றார். கந்தல் உடுத்திய சிறுவர் தெருவில் கட்டுக்கடங்காது திரிவதைக் கண்டு மனம் நொந்தார். வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் நிலைமை இதனினும் மோசம் என்று அங்கிருந்த பெண்மணி ஒருத்தி அவருக்குத் தெரிவித்தாள். ஆறு நாளும் வேலை என்றால், எஞ்சியிருக்கும் ஏழாம் நாளே அவர்களுக்குப் பள்ளி நாளாகட்டும் என்று ரெய்க்ஸ் முடிவு செய்தார்.

1780ஆம் ஆண்டில் மெரிடித் என்னும் அம்மையாரின் இல்லத்தில் வகுப்பு தொடங்கியது. தாமஸ் ஸ்டாக் என்னும் குருவானவர் துணை நின்றார். நல்லொழுக்கமுள்ள பெண்மணியர் சிலர் ஆசிரியைகளாக அமர்த்தப்பட்டனர். ஞாயிறு ஒன்றுக்கு ஒரு ஷில்லிங் அவர்களுக்கு அளிக்கப்பட்டது. பிள்ளைகள் காலையில் வந்து எழுத்துக் கூட்டிப் படித்தனர். உச்சிப்பொழுதில் வீடு சென்று மீண்டும் வந்தனர். தேவாலய வழிபாட்டில் கலந்துகொண்டபின் மாலைவரை பாடம் பயின்றனர். புத்தாடை எவரும் கேட்கவில்லை. முகமும் கைகளும் கழுவி, தலைவாரி வந்தால் போதும் என்பதே விதி. நன்கு கற்றோருக்குப் புத்தகம், சீப்பு, காலணி முதலியன பரிசாகக் கிடைத்தன.

ரெய்க்ஸுக்கு முன்னரும் ஆங்காங்கே இத்தகைய வகுப்புகள் நடைபெற்றதுண்டு. 1769ஆம் ஆண்டிலேயே ஹை வைக்கம் என்னும் ஊரில் ஹன்னா பால் அம்மையார் ஞாயிறு பள்ளி நடத்தினார். ஆயினும் ரெய்க்ஸின் கையில் செய்தித்தாள் இருந்தது. 1783ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அவர் இம்முயற்சியைப் பற்றித் தம் இதழில் எழுதினார். அச்செய்தி நாடெங்கும் பரவி, ஊர்தோறும் ஞாயிறு பள்ளிகள் எழுந்தன.

பள்ளிகள் பெருகவே ஒரு சிக்கலும் எழுந்தது. அத்தனை ஆசிரியருக்கும் ஊதியம் கொடுக்கப் பணத்துக்கு எங்கே போவது? அப்போதுதான் ஊதியம் வேண்டாது கற்பிக்கப் பலர் முன்வந்தனர். அவர்களுள் உழைத்து உண்ணும் எளியோரும் இருந்தனர். காலப்போக்கில் ஊதியமில்லா ஆசிரியர்களே இப்பள்ளிகளின் தூண்களாயினர். 1803இல் இலண்டன் மாநகரில் அவர்கள் ஒன்றுகூடித் தமக்கெனச் சங்கமும் அமைத்தனர். 1831ஆம் ஆண்டளவில் பிரிட்டனில் சுமார் 12,50,000 பிள்ளைகள் ஞாயிறு பள்ளிகளில் பயின்றனர். அவர்களுள் பலருக்கு அதுவன்றி வேறு பள்ளி இல்லை.

ரெய்க்ஸ் 1811ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் இயற்கை எய்தினார். தம் இறுதி ஊர்வலத்தில் நடந்துவரும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு ஷில்லிங்கும் ஒரு பழக்கேக்கும் கொடுக்க வேண்டும் என்று அவர் முன்னரே ஏற்பாடு செய்திருந்தாராம். 1880இல் இலண்டனில் தேம்ஸ் நதிக்கரையில் அவருக்குச் சிலை நிறுவப்பட்டது. அதற்கான பொருளைத் தந்தவர்கள் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களும் மாணவர்களுமே. தலைவருக்குச் சிலை வைத்த அந்த ஆசிரியர்களுள் பெரும்பாலோரின் பெயரை உலகம் அறியாது.

நம் தோட்டங்களின் கதையும் இதற்கு அயலானதன்று. பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின் தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டும் எனத் தொழிலாளர் சட்டம் விதித்த பிறகும், பயிற்சி பெற்ற ஆசிரியர் எல்லாத் தோட்டங்களுக்கும் கிட்டவில்லை. எழுத்தறிந்த கங்காணியோ கிராணியோ பாட்டாளி ஒருவரோதான் பல தோட்டங்களில் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி கற்பித்தனர். அவர்களுள் எத்தனை பேரின் பெயர் இன்று நமக்குத் தெரியும்?

இவ்விடத்தில் நாம் ஒரு குறையை ஒப்புக்கொள்ள வேண்டும். முதலாம் ஆண்டில் சேரும் பிள்ளைகளுள் சிலர் எழுத்துகளை முன்னரே அறிந்து வருவதைக் கண்டு மகிழ்ந்துள்ளோம். அவர்கள் விரைந்து வாசிக்கக் கற்ற பெருமையை நம் பள்ளிக்கே உரியதாக்கிக் கொண்டோம். அவ்வெழுத்துகளை அவர்களுக்கு முதலில் காட்டியவர்கள் தேவாலயத்தில் கற்பிக்கும் ஆசிரியர்கள் என்பதை அவ்விழாவிலேதான் அறிந்தோம். அவர்களுள் ஒருவர் எண்ணெய் ஆலைத் தொழிலாளி. இரவு வேலை முடித்து, உறங்காமலே வகுப்புக்கு வருபவர். இத்தனை ஆண்டுகளில் ஒருமுறையேனும் அவரைக் கண்டு நன்றி கூறினோமா? இல்லை. அதற்காக நாணுகின்றோம்.

நம் மாணவருள் பலர் இந்து சமயத்தினர், சிலர் கிறிஸ்தவர். கோயிலில் தேவாரம் கற்பிப்போரும் தேவாலயத்தில் வேதபாடம் கற்பிப்போரும் பொருள் பெறாது உழைப்பதில் ஒரே இனத்தவரே. தோட்டங்களை விட்டுக் குடும்பங்கள் பட்டணம் பெயர்ந்து வரும் இந்நாளில், இத்தகையோர் சோர்ந்து விலகினால் அவ்விடத்தை நிரப்ப வேறொருவர் எளிதில் கிடைக்கமாட்டார்.

ஆதலின் மாணவச் செல்வங்களே, மாலையும் பொன்னாடையும் ஆண்டுக்கொரு முறை போதும். முகம் கழுவித் தலைவாரி, குறித்த நேரத்தில் வகுப்புக்குச் செல்லுங்கள். அதுவே நீங்கள் வாரந்தோறும் செலுத்தும் நன்றி. பெற்றோர்களே, வரும் ஞாயிறு அவ்வாசிரியரை வழியில் கண்டால் சற்று நின்று ஒரு நல்ல சொல் கூறுங்கள். நாமும் கூறுவோம்.

வாழ்க ஆசிரியர் தொண்டு!